அத்தானுக்கும் மச்சானுக்கும் சாப்பாட்டுச் சண்டை

கேள்வி: நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து சிங்கப்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் கணவர் பிறந்து வளர்ந்தது பினாங்கை அடுத்த பட்டர்வொர்த்தில். வேலைக்காக இங்கே வந்து, பிறகு குடியுரிமையும் எடுத்துக்கொண்டார். நாத்தனார் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. எப்போது சந்தித்தாலும் இவருக்கும், நான் அண்ணன் என்று கூப்பிடும் நாத்தனார் கணவருக்கும் ஒரே சண்டை: சாப்பாட்டில் உயர்ந்த நாடு மலேசியாவா, சிங்கப்பூரா? மாமியார் இருந்தவரை அது கேலிப் பேச்சாக இருந்தது. அவர் போன பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டது. போன தீபாவளிக்கு, "எங்க சாப்பாட்டை எடுத்துட்டுப் போய் யுனெஸ்கோவுல பேர் வாங்கின நாடுதானே உன்னுது" என்று அண்ணன் சொல்ல, "அங்க என்ன இருக்கு, எல்லாரும் இங்கதானே வேலைக்கு வர்றீங்க" என்று இவர் சொல்ல, இருவரும் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். பொங்கலுக்கு அவர்கள் இங்கே வருகிறார்கள். நல்ல நல்ல கடைகளில் வாங்கி வைத்து ஒரு ருசிப் போட்டி நடத்தி அத்தான் வாயை அடைக்கப் போகிறேன் என்கிறார் என் கணவர். விடலாமா? உண்மையில் எந்த நாட்டுச் சமையல்தான் சிறந்தது?
— ஜூரோங் வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

போட்டி வேண்டாம். அதை எப்படியாவது நிறுத்திவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இந்தச் சண்டையில் இருவருமே பாதி உண்மையைத்தான் பேசுகிறார்கள், மீதிப் பாதி தெரிந்தால் பேச்சின் சூடு கொஞ்சம் தணியும்.

யுனெஸ்கோவையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் 2020 டிசம்பரில் அதன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதில் எந்தப் பலகாரத்துக்கும் சிங்கப்பூர் உரிமை கொண்டாடவில்லை. பல இன மக்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து குறைந்த விலையில் சாப்பிடும் வழக்கத்துக்குத்தான் அந்தப் பெயர் கிடைத்தது. அண்ணன் சொல்வதுபோல் யாருடைய லக்சா நூடல்ஸையும் யாரும் பதிவுசெய்து கொள்ளவில்லை. அதே சமயம், உங்கள் கணவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் மலேசியாவின் காலை உணவுப் பண்பாடும் அதே பட்டியலில் ஏறிவிட்டது. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய், இழுத்து ஆற்றும் தேநீரான தே தாரேக் மூன்றும் அதில் உண்டு. கடைசி இரண்டும் நம் தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைகளில் வளர்ந்தவை. ஆக, அந்தக் கணக்கு சமமாகிவிட்டது.

இந்தச் சண்டை உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. 2009இல் மலேசியாவின் சுற்றுலா அமைச்சராக இருந்த இங் யென் யென், மிளகாய் நண்டான சில்லி கிராப், லக்சா, ஹைனான் கோழிச் சோறு எல்லாம் மலேசியாவுடையவை, மற்றவர்கள் அபகரித்துக்கொண்டார்கள் என்று பேசப்போய் இரண்டு நாட்டிலும் பெரிய அமளி ஆனது. கிம்ச்சி ஊறுகாய்க்காகக் கொரியர்களும் சீனர்களும், போர்ஷ்ச் சூப்புக்காக உக்ரேனியர்களும் ரஷ்யர்களும் மோதிக்கொள்கிறார்கள். அண்டை வீட்டுக்காரர்களுக்குள்தான் இந்தச் சண்டை வரும். பொதுவாக எதுவும் இல்லாதவர்களுக்குள் சண்டை போட என்ன இருக்கிறது?

உங்கள் கணவரும் அண்ணனும் சண்டை போடும் சாப்பாட்டில் பெரும்பகுதி இந்த எல்லைக்கோட்டை விடப் பழையது. 1826இல் பிரிட்டிஷார் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் நீரிணைக் குடியேற்றங்கள் என்று ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். பட்டர்வொர்த்தும் அதில் அடக்கம். அது 1946 வரை நீடித்தது. சிங்கப்பூர் தனி நாடானது 1965 ஆகஸ்ட் 9 அன்று. 120 வருடம் ஒரே ஆட்சியில் இருந்த இரண்டு துறைமுகங்கள், தனித்தனி நாடுகளாக இருப்பது 60 வருடமாகத்தான். கப்பல் இங்கேயும் நின்றது, அங்கேயும் நின்றது. சமைத்தவர்களும் அப்படித்தான் இறங்கினார்கள். கடையநல்லூரிலிருந்து கிளம்பிய குடும்பங்களில் சில பினாங்கிலும் சில சிங்கப்பூரிலும் தங்கின. ஒரே ஊர் மசாலா இரண்டு துறைமுகத்தில் இறங்கி, அங்கங்கே கிடைத்த சரக்கோடும் அங்கங்கே இருந்த வாடிக்கையாளர்களோடும் வளர்ந்தது. இதில் எந்தப் பாத்திரத்துக்குக் கடவுச்சீட்டு கொடுப்பது?

அதனால்தான் நாட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊரை வைத்துச் சொல்லலாம். அது நியாயம், அதில் எனக்கு அழுத்தமான கருத்துகளும் உண்டு.

லக்சாவைப் பாருங்கள். பினாங்கில் கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, புளி ஊற்றிக் கொதிக்கவிட்டு, இஞ்சிப்பூ, புதினா, அன்னாசி எல்லாம் போட்டு, மேலே கறுப்பாக ஒரு கரண்டி இறால் சாந்து விடுவார்கள். தேங்காய்ப்பால் கிடையாது. சிங்கப்பூரின் காத்தோங் வட்டாரத்தில் லக்சா என்றால் தேங்காய்ப்பாலும் காய்ந்த இறாலும்தான். நூடல்ஸைத் துண்டு துண்டாக வெட்டி, கரண்டியாலேயே சாப்பிடும்படி கொடுப்பார்கள். மீன் குழம்பையும் பாயசத்தையும் பக்கத்தில் வைத்து எது உயர்ந்தது என்று கேட்பது போல இருக்கிறது இதை ஒப்பிடுவது. ஹொக்கியன் மீ இன்னும் மோசம். பினாங்கில் கேட்டால் காரமான இறால் சூப் வரும். கோலாலம்பூரில் கேட்டால் கறுப்பு சோயாவில் பிரட்டிய தடித்த நூடல்ஸ் வரும். சிங்கப்பூரில் இறால் சாற்றில் ஊறிய வெளுத்த நூடல்ஸ் வரும், பக்கத்தில் மிளகாய்ச் சாந்தான சம்பாலும் எலுமிச்சையும் இருக்கும். கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் நடுவே எந்த எல்லையும் இல்லை, ஆனால் சாப்பாடு வேறு. பன்றி எலும்புச் சாறான பக் குத் தேயும் அப்படியே. மலேசியாவின் கிள்ளானில் மூலிகை போட்டுக் கறுப்பாகக் காய்ச்சுவார்கள், சிங்கப்பூரில் பெரும்பாலும் தெளிந்த மிளகுச் சாறுதான்.

இனி, எனக்குத் தோன்றுவதை மறைக்காமல் சொல்கிறேன். கைப்பக்குவத்திலும் வகையிலும் பினாங்குக்கு ஈடு சொல்ல எனக்கு வேறு ஊர் தெரியாது. நாசி கண்டார் ஒன்றே போதும். தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் தோளில் காவடிபோல் சுமந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு அது. இன்றைக்கும் அதன் உயிர், நாலைந்து குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றும் அந்தக் கலவையில் இருக்கிறது. எதை முதலில் ஊற்றுவது, எவ்வளவு ஊற்றுவது என்பது கரண்டி பிடிப்பவரின் கைக்குத்தான் தெரியும். அரிசி நூடல்ஸை வதக்கிச் செய்யும் சார் குவே தியாவும் அங்கே ஒரு படி மேல்தான். இந்த விஷயத்தில் அண்ணன் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் சிங்கப்பூரில் பிறந்தவற்றைச் சிங்கப்பூருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். மீன் தலைக் கறியைப் பிரபலமாக்கியவர் கோமஸ் என்ற மலையாளி, 1950 வாக்கில். சீனர்களுக்கு மீன் தலை விருப்பம் என்று கண்டு, தலையைத் தன் ஊர்க் குழம்பில் போட்டார். கேரளக் குழம்பு, சீன வாடிக்கையாளர், சிங்கப்பூர்க் கடை! சில்லி கிராப்பை 1950களில் சேர் யாம் தியான் என்ற பெண்மணி காலாங் ஆற்றோரத்தில் தள்ளுவண்டி வைத்து விற்கத் தொடங்கினார். இவற்றைத் திருட்டு என்று சொன்னால் அந்த இருவரின் உழைப்புக்கும் செய்யும் அநியாயம்.

அதைவிடப் பெரிய விஷயம், சிங்கப்பூர் அந்தக் கடைகளுக்கு இடம் கொடுத்தது. 1960களின் கடைசியில் தெருவில் விற்றவர்களைப் பதிவுசெய்யத் தொடங்கி, 1986க்குள் எல்லோரையும் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் வசதியுள்ள உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றினார்கள். தெருவின் களை போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு, அதுவும் உண்மைதான். ஆனால் இன்றைக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களில் கட்டடத் தொழிலாளியும் வங்கி அதிகாரியும் ஒரே மேசையில் சாப்பிட முடிகிறது. நில விலை இப்படி இருக்கும் ஊரில் இது சாதாரணக் காரியம் அல்ல. ஒரு நாட்டின் சாப்பாடு எப்படி என்று என்னைக் கேட்டால், விருந்தில் என்ன வைக்கிறார்கள் என்று பார்க்க மாட்டேன். அன்றாடக் கூலிக்காரர் காலையில் வயிறார, ருசியாகச் சாப்பிட முடிகிறதா என்றுதான் பார்ப்பேன். அந்த வகையில் இரண்டு நாடுமே உலகத்தின் முன்வரிசையில் உட்காரத் தகுதியானவை. பணக்கார நாடுகள் பலவற்றில் இது இல்லை.

இரண்டு நாட்டுக்கும் ஒரே கவலையும் இருக்கிறது, உங்கள் வீட்டு ஆண்கள் அதைப் பற்றிப் பேசினால் எவ்வளவோ நன்றாக இருக்கும். சிங்கப்பூரில் அங்காடிக்காரர்களின் வயது 60-ஐ ஒட்டி நிற்கிறது. பிள்ளைகள் அலுவலக வேலைக்குப் போய்விட்டார்கள். பினாங்கில் வீதிக் கடைகளில் உள்ளூர் உணவை வெளிநாட்டுத் தொழிலாளிகள் சமைக்கக் கூடாது என்று 2016இலிருந்து தடை போட்டிருக்கிறார்கள். கைப்பக்குவம் போய்விடுமே என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் தடையை என்னால் ஆதரிக்க முடியவில்லை. நாசி கண்டாரைச் சுமந்து விற்றவர்களும் ஒரு நாள் கப்பலில் வந்து இறங்கியவர்கள்தானே? சொல்லிக்கொடுக்க ஆளும், கற்றுக்கொள்ள ஆளும், கட்டுப்படியாகிற வாடகையும் இருந்தால் ருசி நிற்கும்.

சரி, இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது லக்சாவும் அல்ல, யுனெஸ்கோவும் அல்ல. மாமியார் போன பிறகு சண்டை மாறிவிட்டது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவர் பினாங்குச் சாப்பாட்டைத் தின்று வளர்ந்தவர். அதை மட்டம் தட்ட அவருக்கே மனசு வராது. "உன் நாடு" என்று அண்ணன் சொல்லும்போது அவர் காதில் விழுவது, "நீ இந்த ஊர்க்காரன் இல்லை" என்பதுதான் என்று நினைக்கிறேன். அம்மா இருந்தவரை அவருக்கு அங்கே ஒரு வீடு இருந்தது. இப்போது அக்காள் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறார். அண்ணன் பக்கமும் பாருங்கள். மாமியாரைக் கடைசிவரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்கள் அவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். "எல்லாரும் இங்கதானே வேலைக்கு வர்றீங்க" என்று கேட்டால், இருந்து பார்த்துக்கொண்டதற்கு மதிப்பே இல்லையா என்றுதான் அவருக்குத் தோன்றும். இதைப் பேசக் கூச்சப்பட்டு இருவரும் சார் குவே தியாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால்தான் போட்டி வேண்டாம் என்றேன். உங்கள் கணவர் ஜெயித்தால் அக்காள் வீட்டுக்காரர் தோற்றுப் போவார், தோற்றால் விருந்துக்கு அழைத்தவர் தலைகுனிவார். ருசியைப் பற்றிப் புதிதாக யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. வாங்கி வந்து ஆறிப்போன சில்லி கிராப்பை வைத்து எந்த நாட்டையும் எடைபோட முடியாது.

நான் சொல்வதைச் செய்து பாருங்கள். அவர்கள் வருவதற்கு முன் உங்கள் கணவரிடம் தனியாக, "அண்ணன் அப்படிச் சொன்னது உங்களுக்கு எங்கே வலிச்சது?" என்று கேளுங்கள். உடனே பதில் வராது, விட்டுப் பிடியுங்கள். நாத்தனாரிடம் போனில் பேசுங்கள். இதைத் தீர்க்க உங்களை விட அவருக்கு உரிமை அதிகம். "இது உன் ஊரும்தான்டா, நீ எப்ப வேணா வா" என்று அக்காள் வாயிலிருந்து ஒரு தடவை வந்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும். உங்கள் கணவரும் அத்தானைப் பார்த்து, அம்மாவைப் பார்த்துக்கொண்டதற்கு வாய்விட்டு ஒரு நன்றி சொல்ல வேண்டும். சொல்லியிருப்பாரா? எனக்குச் சந்தேகம்.

பொங்கலன்று காலை பொங்கல் வைத்து முடித்த பிறகு, மதியச் சமையலை அக்காளிடமும் தம்பியிடமும் விடுங்கள். அங்கே தமிழர் வீடுகளில் ரசத்துக்குப் பக்கத்தில் இறால் சாந்து சேர்த்த பிளாச்சான் சம்பாலும், நெத்திலியும், ரம்பை இலை போட்ட சோறும் இருப்பது உங்களுக்குத் தஞ்சாவூரில் பழக்கப்பட்டிருக்காது. மாமியார் அதையெல்லாம் எப்படிச் செய்வார் என்று அவர்கள் இருவருக்கும்தான் தெரியும். பண்டிகை நாளில் நெத்திலி ஆகாது என்றால் மாட்டுப் பொங்கலுக்கோ அதற்கு அடுத்த நாளுக்கோ தள்ளிக்கொள்ளுங்கள். பிள்ளைகளில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அளவுகளை எழுதச் சொல்லுங்கள். மிளகாய் எத்தனை என்பதில் அக்காளுக்கும் தம்பிக்கும் சண்டை வரும். வரட்டும், அது நல்ல சண்டை.

அண்ணனைத் தனியாக விடாதீர்கள். மறுநாள் காலை உங்கள் கணவர் அவரைத் தேக்கா உணவங்காடி நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும், பெண்களும் பிள்ளைகளும் வேண்டாம். பரோட்டா சாப்பிட்டுவிட்டு, "எங்க ஊர் ரொட்டி சானாய் மாதிரி வராது" என்று அண்ணன் சொல்லத்தான் போகிறார். உங்கள் கணவர் "ஆமா அத்தான்" என்று சொல்லிவிட்டு இன்னொன்று வாங்கிக் கொடுக்கட்டும்.