கண்ணளவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

1965 போரில் பாகிஸ்தானிடம் அமெரிக்க பாட்டன் டாங்கிகள் இருந்தன. அவற்றிலிருந்த தூரம் அளக்கும் நுண்கருவி நம்முடைய செஞ்சூரியன்களிலும் ஷெர்மன்களிலும் இல்லை. அப்படியிருந்தும் பஞ்சாபின் அசல் உத்தரில் நாம் வென்றது அதிர்ஷ்டம்தானே? இதைப் பற்றி வாசிக்க நூல்களைப் பரிந்துரைப்பீர்களா?

க.

அன்புள்ள க.,

நூல்களை நீங்களே தேடிக்கொள்ளுங்கள், அது வாசகனின் வேலை. 'அதிர்ஷ்டம்' என்ற சொல்லுக்காகத்தான் எழுதுகிறேன். செப்டம்பர் 8 முதல் 10 வரை, பிரிகேடியர் தியோகராஜின் டாங்கிகள் கரும்புக் காட்டுக்குள் லாட வடிவில் பதுங்கிக் காத்திருந்தன. கால்வாயை உடைத்து வயல்களில் நீரைப் பாய்ச்சியதில் பாட்டன்கள் சேற்றில் சிக்கின. திட்டமிட்டு விரித்த வலைக்கு அதிர்ஷ்டம் என்றா பெயர்? ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பாட்டன்களைத் தகர்த்து உயிர்நீத்த அப்துல் ஹமீதின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், விட்டுவிடுகிறேன்.

என் சிறுவயதில் எங்கள் தெருவில் கவசப்படை கன்னராக, அதாவது டாங்கியில் பீரங்கி சுடுபவராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். 'டபேதார்' என்பார்கள். அது கவசப்படையில் ஒரு பதவி என்று தெரியாமல், கலெக்டர் ஆபீஸ் டபேதார் என்றே நெடுநாள் நம்பியிருந்தோம். மாலைகளில் எங்களை நிறுத்தி, "அந்தப் பனை எத்தனை கெஜம்டா?" என்பார். முந்நூறு, ஐந்நூறு என்று கூவிவிட்டு, காலடி வைத்து அளக்க ஓடுவோம். கண்ணை இடுக்கிக்கொண்டு அவர் சொன்ன கணக்கு பத்துப் பதினைந்து கெஜத்துக்கு மேல் பிசகி நான் பார்த்ததில்லை.

பாட்டனின் தூரமானியில் இரு கண்களாலும் ஒருசேரப் பார்த்துத்தான் தூரத்தைக் கணிக்க முடியும். எல்லாக் கண்களும் அதற்கு எளிதில் பழகுவதில்லை, பழகியவருக்கும் தூசியும் பதற்றமும் சூழ்ந்த வேளையில் அது கைகொடுக்க நீண்ட பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி பாகிஸ்தானிய கன்னர்களுக்குப் போதவில்லை என்பதுதான் போருக்குப் பின் பலரும் சொன்ன காரணம். செஞ்சூரியன் கன்னரோ தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு, சுட்டு, குண்டு விழுந்த இடத்தைப் பார்த்துத் திருத்தி மறுபடி சுடுவார். ஓயாமல் பழகிய கைக்கு அது சில நொடி வேலை. செஞ்சூரியனும் ஓட்டை வண்டியல்ல, அதன் கவசம் தடித்தது. பாட்டனைப் பழிக்கவும் வேண்டாம்: 1967இல் சினாய்ப் பாலைவனத்தில் இஸ்ரேலியர் பாட்டன்களைக் கொண்டே எகிப்திய டாங்கிகளை வீழ்த்தினார்கள். 1965 போருக்குப் பின் பஞ்சாபின் பிக்கிவிண்டில் 'பாட்டன் நகர்' என்று பெயரிட்டு, கைப்பற்றிய பாகிஸ்தானிய டாங்கிகளை வரிசையாக நிறுத்திக் காட்டியதில் எனக்குப் பெருமிதத்தைவிட வருத்தமே அதிகம். அவற்றுக்குள் சென்றவர்களுக்குப் பழகிக்கொள்ள இன்னும் சில மாதங்கள் கிடைத்திருக்கலாம்.

பட்டியல்களை மூடிவையுங்கள். உங்கள் வாசலிலிருந்து தெருமுனை எத்தனை கெஜம் என்று கண்ணால் மதிப்பிட்டுவிட்டு, நடந்து அளந்து பாருங்கள். எவ்வளவு தவறினீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.