நடத்தைப் பகுப்பாய்வாளர் ஆக விரும்புவோருக்கு: வாசகர் கேள்வி-பதில்

உளவியலில் பட்டம் வாங்கியிருக்கிறேன். இங்கிருந்தே பிசிபிஏ சான்றிதழ் வாங்க முடியுமா? (வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு)

முடியாது. நடத்தைப் பகுப்பாய்வாளர் என்பவர் ஆட்டிசம் போன்ற நிலையுள்ள பிள்ளைகளின் நடத்தையை அளந்து, பேச்சு முதலிய திறன்களைக் கற்றுக்கொடுக்கத் திட்டம் வகுப்பவர். அவருக்கான பிசிபிஏ (BCBA) சான்றிதழைத் தரும் அமெரிக்க வாரியமான பிஏசிபி (BACB), 2023 ஜனவரி 1 முதல் மலேசியாவில் வசிப்பவர்களின் புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. அதற்கு முன்பே வாங்கியவர்கள் புதுப்பித்துக்கொண்டு தொழில் செய்கிறார்கள். அவர்களைப் பார்த்து வழி இன்னும் திறந்திருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவிலோ கனடாவிலோ குடியேறினால் பேச்சு வேறு.

இங்கேயே இருக்கப்போகிறவர்கள் இதே துறையின் வேறு சான்றிதழ்களான ஐபிஏஓ (IBAO) அமைப்பின் ஐபிஏ (IBA), அல்லது க்யூஏபிஏ (QABA) வாரியத்தின் க்யூபிஏ (QBA) பக்கம் போகலாம். படிப்புக்குப் பணம் கட்டுமுன் ஒன்றை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: 'மலேசியாவில் வசிக்கும் நான் இதை முடித்தால் எந்தத் தேர்வு எழுதலாம்?' 'பிசிபிஏ பாடத்திட்டம்' என்ற விளம்பரம் பாடத்தைத்தான் சொல்கிறது, உங்கள் தகுதியை அல்ல.

எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) மட்டும்தான் படித்திருக்கிறேன். நுழைய வழி உண்டா? (வாசகர், பட்டர்வொர்த்)

உண்டு. தெரப்பிஸ்ட் நிலையில், அதாவது பகுப்பாய்வாளர் வகுத்த திட்டப்படி பிள்ளையுடன் நேரடியாக வேலை செய்பவராக, தொடங்குங்கள். உதாரணமாக, க்யூஏபிஏ-வின் ஏபிஏடி (ABAT) சான்றிதழுக்கு 40 மணி நேரப் பாடம், மேற்பார்வையில் களப்பயிற்சி, பிறகு தேர்வு. பட்டம் கேட்கமாட்டார்கள். ஆனால் திட்டம் வகுக்கும் பொறுப்பு இந்த நிலையில் கிடையாது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மையத்தில் இரண்டு வருடமாகத் தெரப்பிஸ்ட். அந்த நேரத்தைக் களப்பயிற்சியில் சேர்க்கலாமா?

பெரும்பாலும் சேராது. மேற்பார்வையாளருடன் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் கணக்கே தொடங்கும். ஒவ்வொரு அமைப்பின் எண்களும் வேறு. அவரவர் கையேட்டின் புதிய பதிப்பைப் பாருங்கள். கறாரான அளவுகோல் வேண்டுமென்றால் பிசிபிஏ விதியையே வைத்துக்கொள்ளலாம்: மொத்தம் 2,000 மணி நேரம், மாதத்துக்குக் குறைந்தது 20, அதில் 5% மேற்பார்வை. மாதம் 80 மணி நேரம் செய்தால் 4 மணி நேர மேற்பார்வை. முடிக்க 25 மாதம். அந்த 4 மணி நேரத்தில் பாதிக்கு மேல் குழுவாக உட்காரக் கூடாது. மாதம் ஒருமுறையாவது நீங்கள் பிள்ளையுடன் வேலை செய்வதை மேற்பார்வையாளர் பார்த்தாக வேண்டும்.

பலர் சறுக்குவது வேறு இடத்தில். மொத்த நேரத்தில் குறைந்தது 60% மதிப்பீடு, திட்டம் எழுதுதல், பதிவான எண்களை வரைபடமாகப் போடுதல், பெற்றோர் பயிற்சி போன்ற வேலைகளாக இருக்க வேண்டும். நாள் முழுக்கப் பிள்ளையோடு மேசையில் உட்காரும் தெரப்பிஸ்டுக்கு இது தானாக அமையாது. வேலைக்குச் சேரும்போதே பேசி வாங்க வேண்டும். வரைபடம் போடுவது குமாஸ்தா வேலை என்று நினைப்பவர்களும் உண்டு. ஆனால் இப்படிப் பாருங்கள்: ஒரு பையன் திங்கட்கிழமை 30 நிமிடத்தில் 12 முறை கையைக் கடிக்கிறான். செவ்வாய்க்கிழமை 60 நிமிடத்தில் 15 முறை. வெறும் எண்ணிக்கையைக் குறித்தால் கோடு மேலே ஏறும். நிமிடக் கணக்கில் பார்த்தால் 0.4-லிருந்து 0.25-க்கு இறங்கியிருக்கிறது. தப்பான கோட்டை நம்பி நல்ல திட்டத்தைக் கைவிடுவது இப்படித்தான்.

களப்பயிற்சி நேரத்தைக் குறிக்கும் படிவத்தில் மேற்பார்வையாளரிடம் மாதா மாதம் கையெழுத்து வாங்கி, 7 வருடம் பத்திரமாக வையுங்கள். அவர் வேலை மாறிப்போன பிறகு கையெழுத்துக்கு அலைவது பெரிய தொல்லை.

சான்றிதழ் இருந்தால் அரசாங்க உரிமம் கிடைத்த மாதிரியா?

இல்லை. சட்டம் 774 எனப்படும் 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தில் பேச்சுச் சிகிச்சையாளர், மருத்துவ உளவியலாளர் எல்லாம் வருகிறார்கள். நடத்தைப் பகுப்பாய்வாளர் வரவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகை மாட்டலாம் என்ற நிலை. நீங்கள் கவனிக்க வேண்டியது: உளவியலாளர் என்று அட்டை அடிக்காதீர்கள், ஆட்டிசம் என்று நோயறிதல் எழுதாதீர்கள். ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டைக்கு மருத்துவர் உறுதிப்படுத்த வேண்டும். நமது அறிக்கை துணை ஆவணம் மட்டுமே.

நான்கு வயதுப் பையன். வீட்டில் தமிழ், பாலர் பள்ளியில் மலாய். எந்த மொழியில் பேச்சைத் தொடங்குவது? (பயிற்சித் தெரப்பிஸ்ட், செந்தூல்)

வீட்டில் அவன் காதில் விழும் தமிழில், பேச்சுவழக்கில். 'தண்ணி' போதும், 'தண்ணீர் வேண்டும்' எல்லாம் பிறகு. முதல் சொல்லாக 'வேணும்' கற்றுக்கொடுக்காதீர்கள். அந்த ஒரே சொல்லுக்கு எல்லாம் கிடைத்தால், எதைக் கேட்கிறான் என்று பெரியவர்கள் ஊகிக்க வேண்டியிருக்கும். ஊகம் தப்பினால் அழுகை. தண்ணி, பிஸ்கட், பந்து, ஊஞ்சல் என நான்கைந்து பொருள்களின் பெயரை மாற்றி மாற்றிப் பழக்குங்கள். இரண்டு குவளை குடித்து முடித்தவனிடம் 'தண்ணி' சொல்ல வைப்பது வீண். முதலில் முழுச் சொல்லையும் நீங்கள் சொல்லுங்கள், பிறகு 'தண்...' மட்டும், கடைசியில் 3 முதல் 5 விநாடி பேசாமல் காத்திருங்கள்.

பிள்ளையின் மொழித்திறனை அளக்கும் விபி-மேப் (VB-MAPP) மதிப்பீட்டில் ஒலியைத் திருப்பிச் சொல்லும் பகுதி ஆங்கில ஒலிகளை வைத்து அமைந்தது. அதைத் தமிழாக்கி மதிப்பெண் போட்டால் செல்லாது. மா, பா, அம்மா, தாத்தா என்று தனிப் பட்டியல் போட்டுத் தனியாகப் பதியுங்கள். ழகரத்துக்கு இப்போது அவசரமில்லை.

தமிழ்ச் சொல் நிலைத்த பின் மலாய்ச் சொல்லைச் சேருங்கள். அதுவரை பாலர் பள்ளி ஆசிரியைக்கு ஒரு தாளில் இரண்டு சொல்லையும் எழுதிக் கொடுத்து, 'தண்ணி' என்று கேட்டாலும் மலாயில் 'ஆயர்' என்று கேட்டாலும் உடனே கொடுக்கச் சொல்லுங்கள்.