ஓடிப்போன தேனீக்கள்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

வளைகுடா வேலையை விட்டு ஊர் திரும்பியதும் உச்சிப்புளி அருகே எங்கள் தென்னந்தோப்பில் இரண்டு தேனீப் பெட்டிகள் வைத்தேன். தேனீ வளர்ப்புக்குப் பெயர்போன மார்த்தாண்டத்துக்காரர்களின் காணொளிகளைப் பார்த்து எல்லாம் செய்தேன். சித்திரை முடிவதற்குள் இரண்டு பெட்டிகளையும் விட்டுத் தேனீக்கள் ஓடிவிட்டன. பக்கத்து ஊரில் தேனீ வளர்ப்பவர்கள் மாதம் ஒருமுறை கூடுகிறார்களாம். பெரும்பாலும் வயதானவர்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள் என்கிறார்கள். போனால் பயன் உண்டா? அல்லது இத்தாலியத் தேனீ வாங்கிவிடலாமா?

ச., உச்சிப்புளி

அன்புள்ள ச.,

அந்தக் கூட்டத்துக்கு அவசியம் போங்கள். வாங்குகிற பேச்சை அதுவரை தள்ளிவையுங்கள்.

மார்த்தாண்டத்துக்காரர்கள் தவறாக எதுவும் சொல்லவில்லை. அவர்கள் ஊருக்கு ஏற்றதைச் சொல்கிறார்கள். அங்கே ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் பருவத்தில் பூவுக்குக் காத்திராமல் இலைக்காம்பிலேயே தேன் சுரக்கும். அந்தத் தேன்வரத்தை வைத்துத்தான் அவர்களுடைய ஆண்டுக் கணக்கு. நம் கடற்கரையில் ரப்பர் ஏது? இங்கே தென்னம்பாளை ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். ஆண்பனையில் பாளை விட்டால் மகரந்தம் கிடைக்கும். பிறகு வேலிக்கருவை. அதை வெட்டச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் இந்த வறண்ட மண்ணில் தேனீயின் வயிற்றை நிரப்புவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் தோப்பைச் சுற்றி எது எப்போது பூக்கும், எந்த மாதம் சர்க்கரைப் பாகு வைத்தே தீரவேண்டும், பக்கத்துக் கொல்லைகளில் எப்போது மருந்தடிப்பார்கள் என்பதெல்லாம் அங்கேயே வளர்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தியத் தேனீ காரணமில்லாமல் ஓடாது. தீனி இல்லை, எறும்பு ஏறுகிறது, மெழுகுப்பூச்சி தேனடையைத் துளைக்கிறது, பெட்டி வெயிலில் காய்கிறது, வளர்ப்பவர் தினமும் திறந்து தொல்லை கொடுக்கிறார், இவற்றில் ஒன்று போதும். எது என்பதை அவை விட்டுப்போன அடையே காட்டிக்கொடுக்கும். பட்டுநூல் போன்ற வலையும் கருப்புத் துகளும் இருந்தால் மெழுகுப்பூச்சி வந்திருக்கிறது. பூச்சி நுழைந்ததால் ஓடினவா, ஓடிய பிறகு காலி அடையில் பூச்சி நுழைந்ததா என்று பிரித்துச் சொல்லப் பழகிய கண் வேண்டும். அறைகளில் தேன், மகரந்தம், முட்டை, புழு எதுவுமே இல்லையென்றால் பெரும்பாலும் பசிதான். ராணி முட்டையிடுவதை நிறுத்தி, கடைசிக் குஞ்சும் வெளிவந்த பிறகு நிதானமாகக் கிளம்பியிருக்கின்றன.

பேசிக்கொண்டே இருப்பார்கள் என்றீர்கள். நான் அறிந்த குழுவிலும் அப்படித்தான், ஆனால் பேசும்போது அடை கட்டிய மரச்சட்டம் கையில் இருக்கும். சட்டத்தைப் பெட்டிக்கு மேலேயே, செங்குத்தாகப் பிடிக்கிறார்கள். மறுபக்கம் பார்க்க வேண்டுமானால் படுக்கவைக்காமல் நிறுத்தியபடியே திருப்புகிறார்கள். படுக்கவைத்தால் தேன் கனத்த புது அடை முறிந்து விழும், ராணி நசுங்கும். பிறகு வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அறைக்குள் பார்க்கச் சொல்வார்கள். அடியில் முட்டை வெள்ளை நூல்துண்டாக நிற்கும். அது தெரிந்தால் ராணியைத் தேட வேண்டியதில்லை, மூன்று நாளுக்குள் அவள் அங்கே இருந்திருக்கிறாள். ஆண்தேனீ அறையின் மூடியில் ஊசிமுனை அளவு துளை இருக்கும். அடையின் கீழ்விளிம்பில் ராணி அறை தொங்கினால் தேனீக் கூட்டம் பிரியப்போகிறது. பக்கத்தில் ஒருவர் விரலால் தொட்டுக் காட்டும்போதுதான் இவை கண்ணில் படும்.

வயதானவர்கள் என்று தயங்க வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போனது. செத்த புழுவை ஈர்க்குச்சியால் தூக்கினால் நீர் கோத்த பையாக வரும். அதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் அங்கே இருந்தால் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

இத்தாலியத் தேனீ இப்போது வேண்டாம். அதற்குத் தீனி அதிகம் வேண்டும், பூ முடிந்ததும் பெட்டிகளை வண்டியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு பெட்டிக்காரருக்கு அது கட்டுப்படியாகாது.

அடுத்த கூட்டத்துக்கு அந்தக் காலி அடைகளைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி எடுத்துப்போய்க் காட்டுங்கள். பெட்டிகளைச் சுரண்டிக் கழுவிக் காயவைத்து, நிழலில் நிறுத்தி, தாங்கியின் நான்கு கால்களுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். அடைமழை ஓய்ந்து பூ வந்ததும் குழுவில் யாராவது தேனீக் கூட்டத்தைப் பிரிப்பார்கள். அதில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், பிரிக்கும்போது கூடவே நில்லுங்கள்.

அன்புடன்