புகை அடங்கிய கங்குதான் அதிக ஆபத்து

கேள்வி: டாக்டர், நாங்கள் ஊட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கிறோம். டிசம்பர், ஜனவரியில் விடிந்து பார்த்தால் தோட்டமெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். சாயங்காலம் சமையலறையில் விறகு மூட்டி எல்லோரும் குளிர் காய்வோம். மாமியாருக்கு 67 வயது, பல வருடமாக இருமல். புகை பட்டால் அது அதிகமாகிறது. அதனால் தூங்கும் அறையில் விறகு மூட்டுவதில்லை. புகை அடங்கியதும் கங்கை மட்டும் இரும்புச் சட்டியில் அள்ளி, மேலே சாம்பல் போட்டு, அறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். ஜன்னல் இடுக்கிலும் துணி அடைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாகக் காலையில் எழுந்தால் எனக்கும் மாமியாருக்கும் தலைவலி, குமட்டல். 5 வயது மகன் எழவே மாட்டேன் என்று துவண்டு கிடக்கிறான். பத்து, பதினோரு மணிக்கு மேல் எல்லோருக்கும் தானாகச் சரியாகிவிடுகிறது. கேரட் அறுவடைக்காக நள்ளிரவிலேயே கிளம்பிப் போகும் கணவருக்கு ஒன்றுமில்லை. பனி தலையில் இறங்கியதுதான் காரணம் என்கிறார் மாமியார். கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரில் 98 காட்டுகிறது. மாமியாரின் முழங்காலுக்குக் கீழே வலை போட்டது மாதிரி பழுப்புக் கோடுகள் வந்திருக்கின்றன. அது என்ன? கற்பூர மரப் (யூகலிப்டஸ்) புகை சளிக்கு நல்லது என்கிறாரே, உண்மையா? ஹீட்டர் வாங்கிவிடலாமா?

பதில்: அம்மா, மற்ற கேள்விகளுக்குப் போவதற்கு முன் ஒன்று. இன்று இரவிலிருந்தே அந்தக் கங்குச் சட்டியைத் தூங்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். மற்றதைப் பொறுமையாகச் செய்யலாம், இது ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாத விஷயம்.

உங்கள் தலைவலிக்குப் பனி காரணமில்லை. கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவாகத்தான் இருக்கும் என்று பலமாகச் சந்தேகப்படுகிறேன். அதற்கான அடையாளங்கள் எல்லாம் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. ஒரே அறையில் படுத்த மூன்று பேருக்கும் ஒரே மாதிரி தொந்தரவு. காய்ச்சல் இல்லை. நள்ளிரவில் அறையைவிட்டு வெளியே போகிறவருக்கு எதுவும் இல்லை. வெளிக்காற்று பட்டுச் சில மணி நேரத்தில் தெளிந்துவிடுகிறது. பனியால் தலைவலி வருவதென்றால், அந்தக் குளிரில் நடுராத்திரி தோட்டத்தில் நிற்கிற உங்கள் கணவருக்கு அல்லவா முதலில் வர வேண்டும்?

விறகு கொழுந்துவிட்டு எரியும்போது புகை வரும், கண் எரியும், இருமல் வரும். உடனே எழுந்து கதவைத் திறந்துவிடுவோம். கங்கு அப்படி எந்த எச்சரிக்கையும் தராது. சட்டியின் அடியில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, மேலே சிவந்து கிடக்கும் கரியைக் கடந்து வரும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. புதிதாக அள்ளிய கங்கின் மேல் மெல்லிய நீலச் சுடர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த வாயு எரிவதுதான். அந்தச் சுடர் அணைந்த பிறகும் வாயு வந்துகொண்டேதான் இருக்கும், எரியாமல் அப்படியே அறையில் சேரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. சாம்பல் போட்டு மூடுவதால் கங்கு விடியும்வரை தாங்கும் என்பது சரி. ஆனால் காற்றுக் குறைவாக, மெதுவாக வேகும் நெருப்பில்தான் இந்த வாயு அதிகம் உண்டாகிறது. ஜன்னல் இடுக்கில் அடைத்த துணி, அது வெளியேறும் வழியையும் மூடிவிட்டது.

மாமியார் இருமக் கூடாதே என்ற அக்கறையில்தான் இதைச் செய்திருக்கிறீர்கள், புரிகிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் எத்தனையோ வீடுகளில் இதே பழக்கம் உண்டு. சுற்றுலா வந்த இடத்தில் கறி சுட்ட கரி அடுப்பை, குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அறைக்குள் இழுத்து வைத்துத் தூங்கி, எழாமலே போனவர்கள் இருக்கிறார்கள். தூக்கத்தில் இந்த வாயு ஏறினால் தலைவலி நம்மை எழுப்பாது. மயக்கம் தூக்கத்தோடு தூக்கமாகவே வந்துவிடும்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு கார்பன் மோனாக்சைடைப் பிடித்துக்கொள்ளும். மூளைக்கும் இதயத்துக்கும் போக வேண்டிய ஆக்சிஜன் குறையும். சாதாரணக் காற்றில் இருந்தால், ஏறிய வாயுவில் பாதி இறங்கவே நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். காலை பத்து மணிக்கு மேல் உங்களுக்குச் சரியாவது இதனால்தான். குழந்தை வேகமாக மூச்சு விடுவதால் அவனுக்குச் சீக்கிரம் ஏறும். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் கொஞ்சம் ஏறினாலே ஆபத்து. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் சிசுவின் ரத்தத்தில் ஏறிய வாயு தாயின் ரத்தத்தில் இருப்பதைவிட மெதுவாகத்தான் இறங்கும். பிள்ளை பெற்றவளுக்குக் குளிரக் கூடாது என்று அறையை அடைத்து நெருப்புச் சட்டி வைக்கும் வழக்கத்தையும் இதே காரணத்துக்காக விட்டுவிட வேண்டும்.

ஆக்சிமீட்டரில் 98 காட்டுகிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். விரலில் மாட்டும் அந்தக் கருவி, ஹீமோகுளோபினில் இருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று பிரித்துப் பார்க்காது. இரண்டையும் ஒன்றாக எண்ணி நல்ல அளவையே காட்டும். விஷம் ஏறி மயங்கிக் கிடப்பவரிடம்கூட 98, 99 வரலாம். உண்மையான அளவு ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். அதற்குக் கார்பாக்ஸிஹீமோகுளோபின் பரிசோதனை என்று பெயர்.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு சட்டியை வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மூடிய அறைக்கு அது மேல். ஆனால் எவ்வளவு திறந்தால் போதும் என்பது காற்றின் திசை, கங்கின் அளவு, அறையின் அளவு எல்லாவற்றையும் பொறுத்தது. தூங்கும் அறைக்கு அந்த உத்தரவாதத்தை என்னால் தர முடியாது. சாயங்காலம் உட்கார்ந்து குளிர் காயும்போது எதிரெதிராக இரண்டு திறப்பு இருக்கட்டும். படுக்கப் போகும் முன் நெருப்பைத் தண்ணீர் விட்டு அணைத்து, சட்டியை வெளியே வைத்துவிடுங்கள். சாம்பலுக்கு அடியில் கங்கு பல மணி நேரம் உயிரோடு இருக்கும். அதனால் அணைந்திருக்கும் என்று நினைத்து உள்ளே விட்டுவிடாதீர்கள்.

யாராவது எழுப்பியும் எழவில்லை, பேச்சு குழறுகிறது, நிற்க முடியாமல் தள்ளாடுகிறார்கள் என்றால் முதலில் கதவு, ஜன்னலைத் திறந்து அவர்களை வெளியே இழுத்து வாருங்கள். உள்ளே நின்று முகத்தில் தண்ணீர் தெளிப்பது, மோர் கொடுப்பது எல்லாம் வேண்டாம், காப்பாற்றப் போனவரும் விழுந்துவிடுவார். 108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் முதல் வார்த்தையாக “அறையில் கங்கு வைத்துப் படுத்திருந்தோம்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் கிடைக்காவிட்டால் வாதமா, விஷக்கடியா, சர்க்கரை இறங்கிவிட்டதா என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால், நான்கைந்து மணி நேரத்தில் இறங்குவது ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்திலேயே இறங்கும்.

சட்டியை நிறுத்திய பிறகு உங்கள் காலைத் தலைவலி போய்விட வேண்டும். போகவில்லை என்றாலோ, ஞாபகக் குறைவு, நெஞ்சு வலி, படபடப்பு இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். மகனை மட்டும் காத்திருக்காமல் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இனி மாமியாரின் இருமலுக்கு வருகிறேன். கங்கை விட்டுவிட்டோம் என்பதற்காக விறகுப் புகை பரவாயில்லை என்று ஆகிவிடாது. அது ஒரே இரவில் கொல்லாது, வருடக்கணக்கில் நுரையீரலைத் தின்னும். புகையில் இருக்கும் மிக நுண்ணிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடும். வாழ்நாள் முழுக்க அடுப்பு முன்னால் உட்கார்ந்த பெண்களுக்கு, பீடி சிகரெட்டைத் தொடாமலே, புகைபிடிப்பவர்களுக்கு வரும் அதே நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருகிறது. “வயசான இருமல்” என்று வீட்டில் எல்லோரும் பழகிப்போயிருப்பார்கள், அவரும் பழகிப்போயிருப்பார். வீட்டுக்குள் விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் எரிப்பதால் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா வரும் வாய்ப்பையும் இந்தப் புகை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது.

மாமியாருக்கு இரண்டு பரிசோதனைகள் வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கும் யாருக்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். அடுத்தது ஸ்பைரோமெட்ரி. ஒரு குழாயில் பலமாக ஊதச் சொல்லி, மூச்சுக்குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளப்பார்கள், வலி கிடையாது. அடைப்பு நோய் என்று தெரிந்தால் இன்ஹேலர் கொடுப்பார்கள். “இன்ஹேலர் எடுத்தால் பழகிவிடும், கடைசிக் கட்டத்தில்தான் எடுக்க வேண்டும்” என்று ஊரில் சொல்வார்கள், நம்ப வேண்டாம். மாத்திரையை விடக் குறைந்த மருந்து, போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது, அவ்வளவுதான்.

காலில் இருக்கும் பழுப்பு வலை, நெருப்புக்கு மிக அருகில் தினமும் காலை நீட்டி உட்காருவதால் வருவது. தோல் சுடுகிற அளவு சூடு இல்லை, ஆனால் அதே இடத்தில் மாதக்கணக்கில் படும் சூடு, தோலுக்கு அடியில் உள்ள நுண் ரத்தக் குழாய்களின் தடத்தை அப்படியே பதித்துவிடும். நெருப்பிலிருந்து தள்ளி உட்கார்ந்தால் பெரும்பாலும் மெல்ல மங்கிவிடும். பல வருடம் தொடர்ந்தால் அரிதாகத் தோல் புற்றுநோயாக மாறலாம். காஷ்மீரில் காங்கிரி என்ற கங்குப் பானையை உடைக்குள் வைத்துக்கொள்பவர்களுக்கு வயிற்றிலும் தொடையிலும் அப்படி வருவது மருத்துவர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்ததுதான். கோடுகளின் நடுவே தடிப்போ ஆறாத புண்ணோ வந்தால் உடனே காட்டுங்கள்.

கற்பூர மரம் விஷயத்தில் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதன் இலைத் தைலத்தை முகர்ந்தால் மூக்கு திறந்த மாதிரி இருக்கும். ஆனால் விறகாக எரிக்கும்போது வருவது தைலமில்லை, மற்ற விறகுப் புகையில் இருக்கும் அதே துகள்களும் வாயுக்களும்தான். அந்த மரம் நீலகிரிக்கு வந்தது 1843-ல். பிறகு தோப்புத் தோப்பாக நடப்பட்டதும் விறகுத் தேவைக்காகத்தான், மருந்துக்காக அல்ல.

சமையலறை நெருப்பை அடியோடு விடச் சொன்னால் நடக்காது என்று தெரியும். அதனால் புகையைக் குறைக்கும் வழியைச் சொல்கிறேன். பச்சை விறகில் எடையில் பாதிவரை தண்ணீர் இருக்கும். நெருப்பின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகி, விறகு எரியாமல் புகையும். மலையில் வெட்டிய விறகைத் தரையில் குவித்து வைத்தால் மழையிலும் பனியிலும் அது காயவே காயாது. பிளந்து, தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, இடைவெளி விட்டு அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களில் காற்று ஓட விடுங்கள். இந்தக் குளிருக்கான விறகு போன குளிர்காலம் முடிந்ததுமே அடுக்கியதாக இருந்தால் நல்லது. இரண்டு துண்டை மோதினால் மந்தமாக இல்லாமல் கணீரென்று சத்தம் வர வேண்டும், வெட்டு முகத்தில் வெடிப்பு விட்டிருக்க வேண்டும். தீ மூட்டப் பால் கவர், பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த பலகை எதையும் போடாதீர்கள்.

செலவு செய்ய முடிந்தால் முதல் செலவு புகைபோக்கியாக இருக்கட்டும். குவாத்தமாலாவின் மலைக் கிராமங்களில் திறந்த நெருப்புக்குப் பதிலாகப் புகைபோக்கி வைத்த அடுப்பைக் கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 2011-ல் வெளியானது. குழந்தைகளுக்கு வரும் நிமோனியா மொத்தமாகக் கணிசமாகக் குறைந்துவிடவில்லை, ஆனால் தீவிர நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. குழாய் வளைவில்லாமல் நேராக, கூரை முகட்டுக்கு மேல் இரண்டடியாவது உயர்ந்து நிற்க வேண்டும். ஓட்டுக்குக் கீழேயே நிறுத்திவிட்டால் புகை திரும்ப வீட்டுக்குள்தான் வரும். வருடா வருடம் குளிருக்கு முன் கரியைச் சுரண்டி, பறவைக் கூடு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். புகைபோக்கி இருக்கும் வீட்டிலும் தூங்கும்போது நெருப்பை விட்டுவைக்க வேண்டாம்.

ஹீட்டர் வாங்கலாம். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகை நல்லது, எதையும் எரிக்காது, கம்பி சிவக்காது. 1500 வாட் என்றால் மணிக்கு ஒன்றரை யூனிட் மின்சாரம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் போட்டு அறையைச் சூடாக்கி, படுக்கும்போது நிறுத்தினாலே போதும். சுவரில் உள்ள பெரிய பிளக்கில் நேராக மாட்டுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் வேண்டாம். மேலே ஈரத்துணி காயப்போடாதீர்கள். கேஸில் எரியும் ஹீட்டர் மட்டும் தூங்கும் அறைக்கு வேண்டவே வேண்டாம், அதிலும் இதே வாயு வரும்.

ஹீட்டர் வரும்வரை, மேலே போர்த்துவதைவிட முதலில் கீழே ஒரு கம்பளி விரியுங்கள், தரையின் குளிர் அடியிலிருந்துதான் ஏறுகிறது. கனமான ஒரு போர்வையைவிட இரண்டு மெல்லிய கம்பளி நன்றாகத் தாங்கும். குல்லாவும் காலுறையும் இருக்கட்டும். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் படுக்கைக்குள் வைத்து, படுக்கும்போது எடுத்துவிடுங்கள். மாமியாருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் கால் மரத்திருக்கலாம், சுட்டாலும் தெரியாது. கார்பன் மோனாக்சைடு இருந்தால் ஒலி எழுப்பும் சிறிய கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. விறகு எரிக்கும் வீட்டில் அது ஒன்று இருப்பது நல்லது, ஆனால் அதை நம்பிக் கங்கை மறுபடி உள்ளே கொண்டுவராதீர்கள்.

மாமியாரின் சளிப் பரிசோதனை, ஸ்பைரோமெட்ரி முடிவுகள் வந்ததும் எழுதுங்கள். அவர் இப்போது வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார், மாடிப்படியோ மேடோ ஏறும்போது எங்கே நின்று மூச்சு வாங்குகிறார் என்பதையும் சேர்த்து எழுதினால் மேற்கொண்டு சொல்ல எனக்கு வசதியாக இருக்கும்.