சாலையில் மட்டும் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு, கட்டுப்படியாகும் விலையில் எந்த மாதிரி டயர் வாங்கலாம்?

ரேஸ் டிராக் பக்கமே போவதில்லை, ஆனால் நல்ல கிரிப் வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் ட்ரெட்வேர் எண் (டயர் எவ்வளவு நாள் தேயாமல் உழைக்கும் என்பதைக் காட்டும், பக்கச் சுவரில் உள்ள எண்; குறைந்தால் சீக்கிரம் தேயும்) 200 உள்ள டயர்களை முதலிலேயே கழித்துவிடுங்கள். அவை நன்றாகச் சூடேறினால்தான் முழுப் பிடிமானம் தரும்; அன்றாட ஓட்டத்தில் அதற்குள் வீடு வந்துவிடும். சத்தமும் அதிகம், தேய்மானமும் அதிகம். 300-ஐ ஒட்டிய சம்மர் டயர் போதும். ஆனால் இந்த எண்ணைத் தயாரிப்பாளரே தருகிறார் என்பதால், ஒரு பிராண்டின் 300-ஐ இன்னொன்றின் 340-உடன் ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள்.

மலிவு டயரின் சாயம் வெளுப்பது மழையில்தான். காய்ந்த ரோட்டில் சுமாரான டயரும் சமாளித்துவிடும். அதனால் ஒப்பீட்டுச் சோதனைகளில் ஈரச் சாலை பிரேக்கிங் தூரத்தை முதலில் பாருங்கள். டயரில் 'டிராக்ஷன் ஏஏ' (ஈரச் சாலைப் பிடிமானத்துக்கான மிக உயர்ந்த தரக் குறியீடு) என்று இருப்பது நல்லதுதான். ஆனால் அது நேர்கோட்டு பிரேக்கிங்குக்கு மட்டுமே, வளைவில் எப்படி நிற்கும் என்று சொல்லாது.

தள்ளுபடி பெரிதாக இருந்தால் பக்கச் சுவரில் உள்ள தேதியைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம். பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடுவதும் உண்டு.

லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடைக்கான எண்), ஸ்பீடு ரேட்டிங் (தாங்கும் வேகத்துக்கான எழுத்து) இரண்டும் கார் கையேட்டில் உள்ளதற்குக் கீழே போகக் கூடாது. குளிர் 7 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஊரென்றால் சம்மர் டயர் விறைத்துவிடும். அந்த மாதங்களுக்கு வேறு செட் வேண்டும்.

இன்னொன்று: வீலுக்குள் இருக்கும் பிரேக் காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) இடிக்காது என்றால் 18 அங்குல வீலிலிருந்து 17-க்கு இறங்கலாம், மொத்த விட்டம் மாறாமல். அதே மாடல் டயர் 17 அங்குல அளவில் பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கும்.