சோலோ போனா பேண்டு செத்துடுமா?

கேள்வி: அக்கா, நான் ஒன்பதாவது படிச்சப்ப இருந்து கேக்கற ஒரு இண்டி ராக் பேண்டு, அதோட கிட்டாரிஸ்ட் சோலோ ஆல்பம் போடறாராம், அடுத்த மாசம் வருது. பேண்டு பேரை மட்டும் போட்றாதீங்க, எங்க காலேஜ்ல அதை கேக்கறவன் நான் ஒருத்தன்தான், மாட்டிக்குவேன். சந்தோஷமாவும் இருக்கு, அடிவயித்துல என்னமோ பண்ணுது. பேண்டு உடைஞ்சிடுமா? (மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: பேரை போடல தம்பி, ஆனா நீங்க எழுதினதும் நானும் தேடி கேட்டேன், இப்ப கடலூர் பாண்டி ரெண்டையும் சேத்து ரெண்டு பேர் ஆயிட்டோம். உங்க பயம் இருக்கே, அது எல்லா ரசிகருக்கும் வர்றதுதான். 2006ல ரேடியோஹெட் பாடகர் தாம் யார்க் தனியா ஒரு ஆல்பம் போட்டப்ப நானும் இப்படித்தான் புலம்பினேன், முடிஞ்சுது கதைன்னு. அடுத்த வருஷம் அக்டோபர்லயே பேண்டு 'இன் ரெயின்போஸ்' கொண்டுவந்துது, புலம்பினதுக்கு வெக்கமா போச்சு. அப்புறம் பிக் தீஃப் பேண்டோட ஏட்ரியன் லெங்கர், 2020 மார்ச்சுல கொரோனாவால டூர் பாதியில நின்னுடுச்சு, அவங்க மாசசூசெட்ஸ்ல ஒரே ஒரு ரூம் இருக்கற மர வீட்டுல போய் உக்காந்து டேப்புல ரெக்கார்ட் பண்ணி அந்த அக்டோபர்லயே ரெண்டு ஆல்பம் ஒண்ணா விட்டாங்க, ஒண்ணு பாட்டு, இன்னொண்ணு வெறும் வாத்தியம். 2022ல பார்த்தா அதே பேண்டு 20 பாட்டு இருக்கற ஆல்பத்தோட வந்து நிக்குது.

ஆள் பிரிஞ்சு போற பேண்டும் இருக்கு, இல்லன்னு சொல்லல. வேம்பயர் வீக்கெண்டுங்கற பேண்டுல இருந்த ரோஸ்டம் 2017ல சோலோ ஆல்பம் போட்டார், ஆனா அவர் பேண்டை விட்டு வெளிய வந்தது 2016 ஜனவரியில, அதாவது முதல்ல சொல்லிட்டு கிளம்பினார், அப்புறம்தான் ஆல்பம். உங்க ஆளு அப்படி எதுவும் சொல்லலையே, நிம்மதியா சாப்பிடுங்க.

நீங்க கேக்காத ஒண்ணையும் சொல்லிடறேன். டெல்லியில பீட்டர் கேட் ரெக்கார்டிங் கம்பெனின்னு ஒரு பேண்டு இருக்கு, இங்கிலீஷ்ல பாடுவாங்க. அதோட பாடகர் சூர்யகாந்த் சாஹ்னி 'லிஃபாஃபா'ங்கற பேர்ல தனியா பண்றார், அது ஹிந்தி, கிட்டார் பேண்டு சத்தமே இல்லாம வேற மாதிரி எலக்ட்ரானிக் சத்தம். 2019ல அவரோட சோலோவும் வந்துது பேண்டு ஆல்பமும் வந்துது, ஒண்ணு இன்னொண்ண சாப்பிடல. எனக்கு தோணறது என்னன்னா, நாலு பேர் உக்காந்து பாட்டு பண்றப்ப ஆளுக்கு கொஞ்சம் விட்டுக் குடுத்துத்தான் பாட்டு முடியும், அப்படி விட்டுக் குடுத்ததெல்லாம் எங்கயும் போகாது, அந்த ஆளோட நோட்டுல கிடக்கும், அதுதான் சோலோவா வருது. அதனால பேண்டு ஆல்பம் மாதிரி இருக்கான்னு தேடாதீங்க, இத்தனை நாள் இதை ஏன் அங்க வாசிக்கலன்னு யோசிச்சு கேளுங்க. அந்த கேள்வியோட கேட்டா சுமார் பாட்டு கூட சுவாரஸ்யமா ஆயிடும்.

ஆல்பத்துக்கு முன்னாடி தனித்தனியா விடற பாட்டு இருக்கே, சிங்கிள், அதுல ஒண்ணு மட்டும் கேளுங்க, மிச்சத்தை தொடாதீங்க, நாலு சிங்கிளையும் தேய்ச்சிட்டு ஆல்பம் அன்னிக்கு கேட்டா பழைய சோறுதான் (பழைய சோறு நல்லதுதான், ஆனா விருந்துக்கு கூப்ட்டு அதையா போடறது). 2015 ஜூலையில இருந்து உலகம் பூரா ரிலீஸ் வெள்ளிக்கிழமைதான், பெரும்பாலும் அந்தந்த ஊர் ராத்திரி 12 மணிக்கு வந்துடும், அதனால கோடையில நியூயார்க்ல வியாழன் மதியம் ரெண்டரை மணியா இருக்கறப்பவே நீங்க கடலூர்ல கேட்டுட்டு இருப்பீங்க. நமக்கு கிடைக்கற அபூர்வமான சலுகை, அனுபவிங்க. சில்வர் பீச்சுல போய் கேக்கறேன்னு கிளம்பாதீங்க, காத்து சத்தத்துல பாதி பாட்டு போயிடும். பாண்டி பஸ்ல வேண்டவே வேண்டாம், டிரைவர் போடற பாட்டு உங்க ஹெட்போனை தோக்கடிச்சிடும். வீட்ல லைட்டை அணைச்சிட்டு படுத்துக் கேளுங்க.

கேள்வி: வெளிநாட்ல இருந்து வினைல் இசைத்தட்டு வரவழைக்கலாமா? (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: தட்டு விலைக்கு சமமா ஷிப்பிங் வரலாம், அதுக்கு மேல கஸ்டம்ஸ். காசு இருந்தா வாங்குங்க, ஆனா அக்னி நட்சத்திரத்துல சாய்ச்சு வெக்காதீங்க, வளைஞ்சிடும், நேரா நிக்கவெச்சு ஜன்னல் வெயில் படாத இடத்துல வெயிங்க.

கேள்வி: எங்க பேண்டு பாடகன் எங்ககிட்ட சொல்லாம தனியா பாட்டு ரெக்கார்ட் பண்றான். கோவப்படலாமா? (பாகூர்)

பதில்: படுங்க, ஒரு வாரம். நானும் பட்டிருக்கேன். காலேஜ் படிக்கறப்ப பாண்டியில ஒரு பேண்டுல பேஸ் கிட்டார் வாசிச்சேன், ஜூன் 21 ஃபெத் தெ லா மியூசிக்ங்கற பிரெஞ்சு இசைத் திருவிழா அன்னிக்கு தெருவுல வாசிக்கறதுதான் எங்க உச்சகட்ட லட்சியம், முழுக்க இங்கிலீஷ் பாட்டு. எங்க கிட்டாரிஸ்ட் ரெண்டு வருஷமா ஒரு தமிழ் பாட்டை ஒவ்வொரு ப்ராக்டீஸ்லயும் எடுத்துட்டு வருவான், செட்டுக்கு ஒத்து வராதுன்னு ஒவ்வொரு தடவையும் நாங்க தள்ளி விடுவோம், ரொம்ப பெரிய ஆளுங்க மாதிரி. கடைசியில அவன் வீட்டு மாடியில போன்லயே ரெக்கார்ட் பண்ணி எல்லாருக்கும் அனுப்பிட்டான், எங்களுக்கு கடைசியா. கேட்டேன். எங்க பேண்டு வாசிச்ச எதையும் விட அது நல்லா இருந்துது, அதுல பேஸே கிடையாது, அந்த கோவம் மட்டும் இன்னும் தீரல.