கறுப்புக் குழாயில் பசை ஏன் பிடிப்பதில்லை?

பி.வி.சி. குழாய்க்குப் பூசும் பசை கறுப்புப் பொலித்தீன் குழாயில் ஏன் பிடிப்பதில்லை, பசை என்பது எவ்வாறுதான் ஒட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கிளிநொச்சிப் பக்கத்தில் கிணற்றிலிருந்து மிளகாய், கச்சான் தோட்டங்களுக்கு நீர் கொண்டுசெல்லும் குழாய்களைப் பொருத்திவருபவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன்.

எந்தப் பசையும் முதலில் திரவ நிலையில் மேற்பரப்பெங்கும் பரவி, அதன் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கியாக வேண்டும். மூலக்கூறுகளுக்கிடையிலான கவர்ச்சி விசை ஏறத்தாழ ஒரு நானோமீற்றர் நெருக்கத்தில்தான் வலுப்பெறும் என்பதால், இடையில் ஒரு மெல்லிய செம்மண் தூசிப் படலம் கிடந்தாலும் பசை தூசியைப் பற்றிக்கொள்ளுமே தவிரக் குழாயைப் பற்றாது. பரவிய பின் அது இறுக வேண்டும். மரப்பசை நீரை இழந்து இறுகுகிறது. சூப்பர் குளூ மேற்பரப்பிலுள்ள ஈரத்தால் தூண்டப்பட்டு நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளாகிறது. எப்பொக்சியின் இரு கூறுகளும் ஒன்றோடொன்று வினைபுரிந்து வலையாகப் பின்னிக்கொள்கின்றன.

பி.வி.சி. பசையின் செயல் இவற்றிலிருந்து வேறானது. அதிலுள்ள கரைப்பான்கள் குழாயின் வெளிப்பரப்பையும் அதைச் செருகும் சொக்கற்றின் உட்பரப்பையும் இளக வைக்க, இரு பக்கத்து மூலக்கூறுச் சங்கிலிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கலக்கின்றன. கரைப்பான் ஆவியான பின் அங்கே இருப்பது ஒரே பிளாஸ்டிக்.

பொலித்தீனோ காபனும் ஐதரசனும் மட்டுமே கொண்ட, மின்முனைவற்ற, அதாவது மூலக்கூறில் நேர், எதிர் முனைகள் இல்லாத பொருள். சாதாரண வெப்பநிலையில் அந்தக் கரைப்பான்கள் அதை இளக்குவதில்லை. அதன் மேற்பரப்பு ஆற்றல், அதாவது திரவத்தைத் தன்மேல் பரவச் செய்யும் வலு, மீற்றருக்கு 31 மில்லிநியூட்டன் அளவே. எப்பொக்சியின் மேற்பரப்பு இழுவிசை, அதாவது அதைத் துளியாகத் திரட்டி வைக்கும் விசை, அதே அளவையில் 40க்கு மேல். ஆகவே எப்பொக்சியும் பரவாமல், தாமரையிலை நீர்போலத் திரண்டு நிற்கிறது. அரத்தாளால் தேய்த்துப் பூசுமாறு சிலர் சொல்வார்கள். நீரழுத்தம் தாங்க வேண்டிய குழாய்க்கு அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். முனைகளை 200 பாகை செல்சியசுக்குச் சற்று மேல் சூடாக்கி உருக்கி இணைப்பதோ, இறுக்கிப் பூட்டும் இணைப்பிகளைப் போடுவதோதான் சரியான வழி.

பி.வி.சி. வேலையிலும் ஒரு கவனம் வேண்டும். சோளகக் காற்றுக் காலத்தில் வெயிலில் நின்று பூசினால், குழாயைச் செருகுவதற்கு முன்பே கரைப்பான் பறந்து மேலே தோல் படிந்துவிடும். நிழலில் வைத்து, துடைத்து, இரு பரப்பிலும் பூசி, உடனே கால் சுற்றுத் திருப்பிச் செருகி, அரை நிமிடமாவது அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். நீரை மறுநாள் விடுவது நல்லது.